கூடை திறக்குமுன் வாருங்கள்

மேல்விஷாரம் சுற்றுவட்டாரக் காலனிகளில், நிலமில்லாத பெண்ணுக்கு நாட்டுக்கோழிதான் கைக்காசு. முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்குவாள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் சில நாளில் கூடை காலி. வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசி போட்டால்தான் உண்டு.

அந்த ஊசிமருந்து தயாராவதே பக்கத்து ராணிப்பேட்டையில், 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில். (ராணிக்கெட் நோய் என்ற பெயருக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை. அது இமயமலைப் பக்கத்து ஊர்.)

எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையடியில் போடுவார்கள். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. பத்து மணிக்கு முகாம் என்றால் அம்மா ஷூ கம்பெனியில், கோழி குப்பைமேட்டில். யார் பிடித்துக் கொடுப்பது? காலை ஆறு மணிக்குக் காலனித் தெருவிலேயே முகாம் வேண்டும். மாணவர்களே, ஜனவரி 26 கிராமசபையில் கொடுக்க இந்த மனுவை இப்போதே எழுதிவையுங்கள்.