நாடி பார்க்கும் கருவி நம்முடையதாக வேண்டும்

ஒரு மனிதனுடைய நடத்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்த நீதிபதி, பத்து விநாடி மட்டும் சாட்சியம் கேட்டுவிட்டு ஆசனத்தை விட்டு எழுந்து விடுவாராயின், அதை நியாயம் என்று நாம் ஒப்புக்கொள்வோமா? இருதய விஷயத்தில் இன்று பெரும்பாலும் நடப்பது இதுவே. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண ஈ.ஸி.ஜி. சுமார் 10 விநாடி நேரத்தைப் பதிவு செய்கிறது. இருதயமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லக்ஷம் தடவை துடிக்கிறது. இடையிடையே தோன்றி மறையும் கோளாறு அந்தப் பத்து விநாடியில் தலைகாட்டாவிடில், நோயாளி குற்றமற்றவர் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் கோளாறு இவ்வாறு ஒளிந்து விளையாடுவது. இது உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களினும் சுமார் ஐந்து மடங்கு. முன்கூட்டி அறிந்தால் தக்க மருந்தினால் பெரும்பாலும் தடுக்கலாம். மாரடைப்போ நம்மவரைச் சீக்கிரமே பிடிக்கிறது. தெற்காசிய நாட்டாருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதிலும், பிற நாட்டாருக்கு ஏறக்குறைய 59 வயதிலும் வருவதாக 2007-ல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. மகளுக்கு விவாகம் முடியாத, மகன் படிப்பு முடியாத வயது அது. ஆகவே உடலோடு ஒட்டியிருந்து இரவும் பகலும் இருதயத்தைக் கவனிக்கும் கருவி, நமக்கு ஆடம்பரப் பொருளன்று.

இக்கருவியின் வரலாறு விந்தையானது. ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் ஐந்தோவன் என்னும் பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஈ.ஸி.ஜி. யந்திரம் சுமார் 270 கிலோ எடையுள்ளது. நோயாளி கைகால்களை உப்பு ஜலத் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். 1940-களில் அமெரிக்காவில் ஹோல்டர் என்பவர், நடமாடும் மனிதனிடமிருந்து இருதயப் பதிவை ரேடியோ மூலம் பெறும் கருவியை ஆக்கினார். அதை முதுகில் சுமக்க வேண்டும். எடை சுமார் 38 கிலோ. இன்றோ மார்பில் ஒட்டும் ஒரு சிறு பட்டை, 14 நாள்வரை இடைவிடாது பதிவு செய்கிறது. கைக்கடிகாரங்களும் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்றத் தாழ்விலிருந்து நாடியை எண்ணுகின்றன.

ஆனால் இத்தகைய கருவிகள் யாருடைய உடலைக் கருதி வகுக்கப்பட்டவை? இக்கேள்வியை நம் தேசத்தார் இன்னும் போதிய அழுத்தத்துடன் கேட்கவில்லை. மார்பின் தோலில் கிடைக்கும் இருதய மின்சாரம், ஒரு வோல்ட்டில் ஆயிரத்திலொரு பங்கு அளவே. வியர்வையால் பட்டை நெகிழ்ந்தாலும், சம்மட்டி ஓங்கும் தோளின் தசை மின்சாரம் இடையில் புகுந்தாலும், அந்த மெல்லிய குரல் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். குளிரூட்டிய அறையில் செவ்வையாக வேலை செய்யும் பட்டை, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் உழைப்பவன் மார்பில் எத்தனை நாள் தங்கும்? தோலின் நிறமும் அற்ப விஷயமன்று. ஒளியால் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவிகள், மெய்யான குறைவைக் கறுப்பு நிறத்தவரிடம் காணத் தவறியது, வெள்ளையரிடம் தவறியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிஸம்பரில் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டனர். கரிய தோலில் பரீட்சிக்கப்படாத கருவியை நாம் விலை கொடுத்து வாங்கி நம்பியிருப்பது விவேகமாகாது.

இதற்குப் பரிகாரம் வெகு தூரத்தில் இல்லை. சென்னையின் தென்பாகத்தைப் பாருங்கள். அடையாற்றங்கரையில் ஈக்காட்டுத்தாங்கல், அதை அடுத்து 1958-ல் ஏற்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை. கடைசல் வேலையும் அச்சு வார்ப்பும் கைவந்த தொழிலாளர் இங்கே நிறைந்திருக்கின்றனர். 2015 டிஸம்பர் வெள்ளத்தில் இப்பட்டறைகளின் யந்திரங்கள் மூழ்கின. மீண்டும் அவற்றை ஓட வைத்தவர்கள் இவர்களே. சில மைல் தூரத்தில், தரமணியில், ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா. அங்குள்ள சுகாதாரத் தொழில்நுட்ப நிலையமும் ஹெலிக்ஸான் என்னும் கம்பெனியும் சேர்ந்து, 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில், விரலில் மாட்டும் கருவியொன்றை வெளியிட்டன. உடலின் உஷ்ணம், ஆக்ஸிஜன், சுவாசம், நாடி ஆகிய நான்கையும் தூரத்திலிருந்தே வைத்தியர் அறிய அது உதவிற்று. மூன்றாவதாக, கிண்டியில் 2023 ஜூன் மாதம் சர்க்கார் திறந்த, 1000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி. பட்டறை, ஆராய்ச்சிசாலை, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் ஒரே பிரதேசத்தில் இருந்தும் ஒரே காரியத்தில் கூடவில்லையென்றால், குறை நம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் கருவி மாட்டிவிட்டால் வீண் பீதியே மிஞ்சும் என்று சிலர் ஆக்ஷேபிப்பர். இதில் உண்மை உண்டு. அமெரிக்காவில் 4,19,297 பேரைக் கொண்டு கடிகாரத்தைச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். நாடி ஒழுங்கில்லையென்று எச்சரிக்கப்பட்டுப் பின் மார்புப் பட்டை அணிந்து சோதித்துக் கொண்டவர்களில் 34 சதவிகிதத்தினரிடமே அக்கோளாறு அப்போது காணப்பட்டது. ஆகையால் கண்டவர் கையிலெல்லாம் கட்டும்படி நாம் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர், படபடப்பு உள்ளவர், ஒரு முறை பக்கவாதம் கண்டவர் ஆகியோரிடமிருந்து ஆரம்பிக்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கப் போகிறவர்கள். வைத்தியர் குறிப்பிட்டவருக்குப் பட்டை ஒட்டும் பணியையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். பதிவைப் படித்துச் சொல்ல வைத்தியர் இருக்க வேண்டியது முதல் நிபந்தனை.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. பதினான்கு நாள் இருதயப் பதிவு, ஒருவன் எப்போது உறங்கினான், எப்போது உழைத்தான் என்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் ஏடு. முதலாளியோ இன்ஷியூரன்ஸ் கம்பெனியோ அதைப் புரட்ட இடமிருத்தலாகாது. சொந்தத் தகவல்களைக் காக்க 2023-ல் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதன் பாதுகாப்பு, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தொழிலாளிக்கும் எட்ட வேண்டும். அவனுக்குப் புரியும் தமிழில் கேட்டுப் பெறாத சம்மதம் சம்மதமாகாது.

ஆகவே சர்க்காருக்கு நாம் வற்புறுத்துவது இதுதான். நம் வெயிலிலும் நம் தோலிலும் பரீட்சித்துத் தேறிய கருவிகளையே சர்க்கார் ஆஸ்பத்திரிகள் வாங்கும் என்று விதி செய்க. அப்பரீட்சையைக் கிண்டியிலேயே தொடங்குக. வாங்குவோர் உண்டு என்ற உறுதி பிறந்தால், பட்டறைக்காரரும் ஆராய்ச்சியாளரும் தாமே கூடுவர். தொழிலாளர் சங்கங்களில் உழைக்கும் நண்பர்கள் கூலி உயர்வோடு இதையும் தங்கள் கோரிக்கையில் சேர்த்துக்கொள்வார்களாக. கூலியை வீட்டுக்குக் கொண்டுபோக மனிதன் உயிரோடிருக்க வேண்டும்.