பிரிக்கப்படாத உறை

சித்தூர்க் கடைவீதியிலும் திருப்பதிப் பேருந்து நிலையத்திலும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். ஏமாற்றுக்காரரைக் குறிக்க இருமொழியினரும் வழங்கும் சொல்லோ ஒன்றே: ‘ஃபோர் ட்வென்டி’. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஏமாற்றிப் பொருள் பெறுவதைத் தண்டித்த 420ஆம் பிரிவே அச்சொல்லின் பிறப்பிடம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அக்குற்றம் 318(4)ஆம் பிரிவாக உள்ளது. எண் மாறினாலும், ஏழாண்டு வரையிலான சிறையும் அபராதமும் மாறவில்லை.

ஏமாற்றியவர் சிறை செல்வார். ஏமாந்தவரின் பணம் திரும்புமா? இவ்வினாவுக்கு விடை தரும் நிகழ்ச்சியொன்று 1904இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்தது.

எலிசபெத் பிக்லி 1857இல் கனடாவின் ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பொய்ப் பத்திரங்கள் புனைந்து பிடிபட்டார். பின்னர் ஒஹையோவில் குறி சொல்லும் பெண்ணாக வேறொரு பெயரில் வாழ்ந்து, கள்ளக் கையொப்பக் குற்றத்துக்காகச் சிறையும் சென்றார். விடுதலைக்குப் பின் கிளீவ்லாந்து நகரின் மருத்துவர் ஒருவரை மணந்து, திருமதி காஸி சாட்விக் ஆனார்.

எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் முறைசாரா மகள் தாம் என்று அவர் மறைவாகச் சொல்லி வந்தார். கார்னகி கையெழுத்திட்டதாகக் கடன் உறுதிச் சீட்டுகளையும் காட்டினார். அத்துடன், ஐம்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள பத்திரங்கள் என்று கூறி, மூடிய உறையொன்றைக் கிளீவ்லாந்து வங்கியொன்றில் ஒப்படைத்தார். வங்கி அலுவலர் அவ்வுறையைப் பிரித்துப் பாராமலேயே ஒப்புகைச் சீட்டு வழங்கினார். செல்வச் சீமாட்டியிடம் சோதனை செய்வது மரியாதைக் குறைவு என்று எண்ணினார் போலும்! அந்த ஒப்புகையே அடுத்தடுத்த கடன்களுக்குத் திறவுகோல் ஆயிற்று.

ஓபர்லின் என்னும் சிற்றூரின் சிட்டிசன்ஸ் நேஷனல் வங்கிக்கு மூலதனம் 60,000 டாலர். அது இப்பெண்மணிக்குக் கொடுத்த கடனோ ஏறத்தாழ 2,40,000 டாலர். 1904 நவம்பரில் வேறொரு கடன்காரர் வழக்குத் தொடுத்ததும் செய்தி பரவியது. சேமிப்பாளர்கள் திரண்டனர், வங்கி கதவடைத்தது. ஊர்மக்களோடு கல்லூரி மாணவர்களும் சேமிப்பை இழந்து நின்றனர். உறையைப் பிரித்தபோது, உள்ளிருந்தவை மதிப்பற்ற தாள்கள்.

1905 மார்ச்சில் வழக்கு நடந்தது. பல ஆண்டுகளாகத் தாம் எந்தக் கடன் சீட்டிலும் கையெழுத்திட்டதில்லை என்று கார்னகி தெரிவித்திருந்தார். வங்கி அதிகாரிகளுடன் கூட்டுச் சதி செய்து, பணமில்லாக் கணக்கின் காசோலைகளுக்குச் சான்று பெற்ற குற்றத்துக்காகக் காஸிக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வங்கித் தலைவர் விசாரணைக்கு முன்பே இறந்தார். காஸி 1907 அக்டோபரில் சிறையிலேயே உயிர் துறந்தார்.

சட்டம் தன் கடமையைச் செய்தது. எனினும் தீர்ப்பு சேமிப்பாளரின் பணத்தை மீட்டுத் தரவில்லை. மாணவர்களின் இழப்பைக் கார்னகி தம் கைப்பொருளால் ஈடுசெய்தார். அது கொடையே அன்றி உரிமை அன்று.

அவ்வுரிமை அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டின் சட்டத்தாலும், இந்தியாவில் 1962 ஜனவரி 1 அன்றும் வைப்புத்தொகைக் காப்பீடாக வந்தது. நம் நாட்டில் 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து இலட்சம் ரூபாய் வரை இக்காப்பு உண்டு. வங்கிக்கு வெளியே தனியாரிடம் அதிக வட்டிக்காகக் கொடுக்கும் பணத்துக்கு இக்காப்பு இல்லை.

நகைக்கடனுக்காக வங்கிக்கு வரும்போது, நெடுநாள் பழகியவரின் சங்கிலியையும் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்தே பார்க்கிறார். வீட்டுப் பத்திரத்துக்கு வில்லங்கச் சான்று கேட்கிறோம், கையொப்பத்தை ஒப்பிடுகிறோம். இவற்றை அவநம்பிக்கை என்று வாடிக்கையாளர் எண்ண வேண்டியதில்லை. கிளீவ்லாந்தில் ஒருவர் அன்று உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால், ஓபர்லின் மக்களின் சேமிப்பு பிழைத்திருக்கும். நீங்களும் பணம் கொடுக்குமுன், எதிரே இருப்பவர் எத்துணைப் பெரியவராயினும், உறையைப் பிரித்துப் பாருங்கள்.