தீம் பார்க் க்யூவைக் குறைக்க எக்ஸெல் போதும்!

அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே, 1971-ல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம் என்ற தீம் பார்க் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலருக்கு மேல். கம்பெனி வேலையாக நான் ஃபுளோரிடாவில் இருந்தபோது அப்பா, அம்மா, அக்கா, அக்கா பையன் எல்லோரும் வந்தார்கள். ஐந்து பேருக்கு டிக்கெட் 500 டாலரைத் தாண்டியது. அதைவிடப் பெரிய கவலை அம்மாவின் மூட்டு வலி. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. பார்க்கில் வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கிறது. "எனக்கு அதெல்லாம் வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டார். எனவே எந்த ரைடுக்கு முதலில் போவது என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் கொண்டும் இதைச் செய்யலாம்.

கணக்கைப் புரிந்துகொள்ள மூன்று ரைடுகள் போதும். எண்கள் உதாரணத்துக்காக நான் எழுதியவை. 'அ' என்ற ரைடில் காலை 9 மணிக்கு 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். 11 மணிக்கு 70. பகல் 1 மணிக்கு 75. 'ஆ' என்பதில் 10, 40, 50. 'இ' என்பதில் 5, 10, 15. காலை 9 மணிக்கு உள்ளே நுழைகிறீர்கள். எங்கே ஓடுவீர்கள்? க்யூ சின்னதாக இருக்கும் 'இ' பக்கம்தானே! பிறகு 'ஆ', கடைசியில் 'அ'. மொத்தம் 5+40+75, அதாவது 120 நிமிடம். இதையே தலைகீழாக அ, ஆ, இ என்று போனால் 25+40+15, வெறும் 80 நிமிடம். அதே மூன்று ரைடுகள், 40 நிமிடம் மிச்சம்.

சூட்சுமம் இதுதான். இப்போது எந்த க்யூ சின்னது என்று பார்க்கக் கூடாது. தள்ளிப்போட்டால் எது அதிகமாக வளரும் என்று பார்க்க வேண்டும்.

எக்ஸெல்லில் ஏ காலத்தில் ரைடுகளின் பெயர்களையும் பி, சி, டி காலங்களில் மூன்று நேரங்களின் நிமிடங்களையும் டைப் செய்யுங்கள். முதல் வரிசை தலைப்புக்கு. இ2 செல்லில் சமக்குறி போட்டு, டி2-வை க்ளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, பி2-வை க்ளிக் செய்து எண்டர் தட்டுங்கள். 50 என்று வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் விடை வந்துவிடும். இனி டேட்டா மெனுவில் சார்ட் சென்று, இ காலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். வரும் வரிசைதான் உங்கள் பயணத் திட்டம்.

இது குறுக்குவழிதான், எப்போதும் மிகச் சிறந்த விடை வரும் என்று சொல்ல முடியாது. எல்லா வரிசைகளையும் சோதிக்கலாமே என்கிறீர்களா? 3 ரைடுகளுக்கு 6 வரிசை. 10 ரைடுகளுக்கு 36,28,800. விநாடிக்கு ஒரு கோடி வரிசைகளைச் சோதிக்கும் புரோகிராம் இதை அரை விநாடிக்குள் முடித்துவிடும். ஆனால் 20 ரைடுகள் என்றால் அதே புரோகிராமுக்கு 7,700 ஆண்டுகள் ஆகும்! இன்ஜினியரிங்கில் 'ட்ராவலிங் சேல்ஸ்மேன்' கணக்கு என்று எங்களைப் படுத்தியது இதுதான். 1963-ல் ஜான் லிட்டில், கட்டா மூர்த்தி உள்ளிட்ட நால்வர் இதற்கு 'பிராஞ்ச் அண்ட் பவுண்ட்' என்ற வழியை வெளியிட்டார்கள். பாதி வழியிலேயே ஒரு வரிசை மோசம் என்று தெரிந்தால், அதிலிருந்து கிளைக்கும் எல்லாவற்றையும் பார்க்காமலே வெட்டிவிடுவது. தீம் பார்க் கணக்கு இன்னும் சிக்கலானது, ஏனென்றால் காத்திருப்பு மணிக்கு மணி மாறுகிறது. இதையே கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் ஆய்வாக எடுத்துக்கொண்ட லென் டெஸ்டா, பிறகு 'டூரிங் பிளான்ஸ்' என்ற சேவையையே நடத்தத் தொடங்கிவிட்டார்.

எக்ஸெல்லுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. ஸ்பேஸ் மவுண்டன் ஒரு மூலை, பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் எதிர் மூலை. நடக்கும் தூரத்தையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டில் ஒரு படகில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும் என்பதால் அந்த க்யூ மெதுவாகவே நகரும். ஃபுளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகல்களில் இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினை நாங்கள் காலையிலேயே முடித்துக்கொண்டது இதற்காகத்தான். இரண்டு மணிக்கு மழை கொட்டியபோது அம்மா உள்ளே உட்கார்ந்து கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் நின்ற மிக நீண்ட க்யூ 35 நிமிடம். 1999-ல் வந்த இலவச ஃபாஸ்ட்பாஸ் இப்போது கிடையாது. 2021 முதல் குறுக்கே போகக் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை.

ஒரு ரைடு முன் நின்றுகொண்டு எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டுமா? ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் நிற்பவர்களை அதனால் வகுங்கள். 600 பேர், நிமிடத்துக்கு 20 என்றால் 30 நிமிடம். இந்தக் கணக்கின் பொது விதியை 1961-ல் நிரூபித்தவரும் அதே ஜான் லிட்டில்தான். ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மொபைல் ஸ்கிரீன் சரியாகத் தெரியாது.