முதுமையடைந்த மடிக்கணினியும் அதன் வேகக் குறைவும்

வண்டிச் சக்கரத்தின் அச்சு ஓட ஓடத் தேய்கிறது. நீர் இறைக்கும் பம்பின் உறுப்புகளும் நாளடைவில் தேய்வதால், அது இறைக்கும் நீரின் அளவு குறைகிறது. ஆதலால், பத்தாண்டுகள் உழைத்த மடிக்கணினி மந்தமாக இயங்கும்போது, அதுவும் தேய்ந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. கணினியில் கணக்கிடும் உறுப்பாகிய பிராசசரில் அசையும் பகுதி எதுவும் இல்லை. வாங்கிய நாளில் அது ஒரு விநாடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியதோ, ஏறத்தாழ அத்தனையையே இன்றும் நிறைவேற்ற வல்லது. அவ்வாறாயின் வேகம் எங்கே தடைப்படுகிறது என்பதையும், அதனைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தாமே கண்டறியும் வழிகளையும் இங்கு ஆராய்வோம்.

ஆந்திரப் பிரதேசம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் பகுதியில், சித்தூர் மாவட்டத்து மேட்டு நிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் பலமனேர் அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ள கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தின் யானைகள் சிற்சில வேளைகளில் வெளிவந்து, காட்டோர நிலங்களின் பயிரை அழித்துவிடுகின்றன. இத்தகைய சேதங்களைப் படம் எடுத்து, அளவிட்டு, கணினியில் பதிவு செய்தால்தான் நிவாரணத்திற்கான மனு மேலே நகரும். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தில் கிராமச் செயலகங்கள் தொடங்கப்பட்ட பின்னர், விவசாயியின் வேறு பல மனுக்களும் ஊரளவிலேயே கணினி வழியாகப் பதிவாகின்றன. கணினி விழித்தெழக் கால் மணி நேரமும், ஒவ்வொரு பக்கமும் திறக்கச் சில நிமிடங்களும் ஆகுமாயின், வரிசையின் கடைசியில் நிற்பவர் அன்று வீடு திரும்பி மறுநாளும் வர நேரிடும்; இரு நாட்களின் கூலியை அவர் இழப்பார். ஆகவே மந்தமான கணினி அலுவலகத்தின் தொல்லையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

முதற் சோதனைகள்

மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து தருவார். கணினிக்கும் மூன்று எளிய சோதனைகள் உண்டு.

முதலாவதாக, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே உள்ள ஒரு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அது விரைவாகத் திறக்குமாயின், தாமதம் தொடர்பு வழியிலோ தொலைவிலுள்ள சர்வரிலோ உள்ளது. கணினியைக் குறை கூறுவதில் பயனில்லை.

இரண்டாவதாக, கணினி எப்பொழுது மந்தமாகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடங்கும்பொழுது நன்றாக இயங்கி, பத்து நிமிடங்களுக்குப் பின் மந்தமாகி, விசிறியும் பேரொலி எழுப்புமாயின், காரணம் பெரும்பாலும் உஷ்ணமே. பிராசசரின் உஷ்ணநிலை 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது, கருகிப் போகாமல் இருக்கும்பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறிக்கு முன்னுள்ள உலோகத் தகடுகளின் இடையே தூசி அடைத்துக்கொள்வதும், பிராசசருக்கும் தகட்டிற்கும் இடையே உஷ்ணத்தைக் கடத்தும் பசை உலர்ந்துபோவதும் இதற்குக் காரணங்கள்.

திருப்பதிச் சமவெளியில் கோடை நண்பகலில் மந்தமாக இயங்கிய கணினியை, மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமனேருக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த காலைப் பொழுதில் இயக்குவதாகக் கொள்வோம். அங்கே அதன் வேகம் கூடினால் உஷ்ணமே காரணமென ஐயுறலாம். அங்கேயும் முதல் நிமிடத்திலிருந்தே மந்தமாயிருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது.

மூன்றாவது சோதனை அவ்விடத்தைக் காட்டும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை தோன்றும். பிராசசர், நினைவகம், வட்டு ஆகியன எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்பதை அது காட்டும். பழைய கணினிகளில் பெரும்பாலும் பிராசசர் சும்மா இருக்க, நினைவகமும் வட்டும் நூறு விழுக்காட்டை எட்டி நிற்பதைக் காணலாம்.

மேசையும் பதிவறையும்

இதன் காரணத்தை ஓர் அலுவலக உவமையால் விளக்கலாம். நினைவகம் என்பது எழுத்தரின் மேசை. வட்டு என்பது பழைய கோப்புகள் அடுக்கிய பதிவறை. மேசை சிறிதாயின், ஒரு கோப்பை விரிக்க மற்றொன்றைப் பதிவறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நினைவகத்தின் பற்றாக்குறை கணினிகளுடன் பிறந்தது. 1960-இல் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் இயக்கி வைத்த டிப்ராக் கணினியின் நினைவகம் 2,048 சொற்களையே கொண்டிருந்தது. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செயற்பட்ட அட்லஸ் கணினி இக்குறைக்கு ஓர் உபாயம் கண்டது: இடம் போதாதபோது தகவலின் ஒரு பகுதியை மெதுவான சேமிப்பகத்திற்கு மாற்றி, வேண்டும்போது திரும்பக் கொணர்ந்தது. இன்றைய கணினிகளும் இவ்வாறே செய்கின்றன. ஆனால் பளு மிகுந்தால் கணினி வேலை செய்வதை விட்டு, கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே காலத்தைக் கழிக்கும். அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இல் இந்நிலையை ஆராய்ந்து விளக்கினார்.

அலைச்சல் எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதைக் கணக்கிடலாம். மடிக்கணினிகளில் வழக்கமாயிருந்த வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழலும். வேண்டிய தகவல் முனையின் கீழ் வந்து சேர்வதற்கும், முனை உரிய தடத்திற்கு நகர்வதற்குமாக ஏறத்தாழ ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மிகுதியான காலம் செல்லும். நினைவகத்திலிருந்து எடுப்பதற்கோ அதில் இலட்சத்தில் ஒரு பங்கே போதும். மேசையிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகுமென்றால், பதிவறைக்குச் சென்று வர ஒரு நாளுக்கும் மேலாகும் என்பது பொருள். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சேமிப்பகத்தில் இப்பயணம், அதே அளவுகோலில், ஏறத்தாழ கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

செய்யத்தக்கவை

செலவில்லாதவற்றை முதலில் செய்க. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்-அப்’ என்னும் பகுதியில், கணினியுடன் தாமாகவே எழும் மென்பொருள்களுள் தேவையற்றவற்றை நிறுத்துக. இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருப்பின் ஒன்றை அகற்றுக. உலாவியில் வேண்டாத பக்கங்களை மூடுக. வட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக வைத்திருத்தல் நன்று. வேகத்தைப் பெருக்குவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவுவது, நிறைந்த மேசையின்மேல் மேலும் ஒரு கோப்பை வைப்பதாகும்.

அடுத்து, தூசியை அகற்றி, பசையைப் புதுப்பிக்கச் செய்க. அதன் பின்னரும் வட்டே தடையாயின், கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவிட்டு, வன்தட்டின் இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்துவது மிகுந்த பலன் தரும். இடமிருப்பின் நினைவகத்தையும் கூட்டலாம். சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் இதனை உறுதி செய்துகொள்க.

இயங்குதளம் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11 கோரும் தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. இவற்றிற்கு லினக்ஸ் வகை இயங்குதளம் ஒரு வழி. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பயன்படும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் இதுவும் இருந்தது. எனினும் அலுவலகத்தின் கைரேகைக் கருவியும், இலக்க முறைக் கையொப்பமும் அதில் இயங்குமா என்று சோதித்த பின்னரே மாற்றுதல் முறை. பள்ளிப் பாடங்களுக்கு இத்தடை பெரும்பாலும் இராது.

பலகையே பழுதுற்ற கணினியை விட்டுவிடுவதுதான் சிக்கனம். அப்பொழுதும் விவசாயிகளின் ஆதார் எண், நிலப் பதிவு முதலியவற்றை வட்டிலிருந்து முற்றிலும் அழித்து, கணினியைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இச்சோதனைகளை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். கணினி தொடங்க ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து எழுதி, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, மீண்டும் அளந்து ஒப்பிடுமாறு பணிக்கலாம். ஊகத்தை விடுத்து அளவையால் காரணம் காணும் பழக்கமே விஞ்ஞானத்தின் தொடக்கம். அதைக் கற்பிக்கப் புதிய கணினியைவிடப் பழைய கணினியே பொருத்தமான கருவியாகும்.