வழி சமைக்கும் பட்டாளம்

மாஹிமிலிருந்து பாந்திராவுக்குப் போகும்போது கழிமுகத்தின் குறுக்கே ஒரு கரைச்சாலை வழியே செல்கின்றோம். அது 1845ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மக்கள் படகேறித்தான் அக்கழியைக் கடந்தார்கள். மழைக்காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் பயணமாக இருந்தது. சாலைக்கு வேண்டிய பொருளை வழங்கியவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் அவாபாய். மாஹிமில் நாம் நாள்தோறும் நடமாடும் லேடி ஜம்ஷெட்ஜி சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பொருள் கொடுத்தவரை ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. ஆனால் அதற்கு வரைபடம் வகுத்த லெப்டினன்ட் கிராஃபோர்டு என்னும் இராணுவ அதிகாரியை யாரும் நினைப்பதில்லை.

படையைச் சேர்ந்தவருக்குச் சாலை போடும் வேலை எதற்கு என்று நேயர்களுள் சிலர் வினவக்கூடும். ஒரு சேனை போருக்குப் புறப்பட்டால் வழியில் ஆறு குறுக்கிடும், மலை தடுக்கும், பகைவன் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போயிருப்பான், நிலத்தில் கண்ணிவெடிகளைப் புதைத்திருப்பான். இவற்றையெல்லாம் நீக்கி வழி சமைத்துக் கொடுப்பதும், பின்வாங்கும் நேரத்தில் பகைவனுக்கு இதே இடையூறுகளை உண்டாக்கி வைப்பதும் பொறியியற் படையின் கடமை. இப்படையின் சாதாரண வீரனைச் சிப்பாய் என்று அழைப்பதில்லை. ‘சாப்பர்’ என்றே அழைப்பர். கோட்டை முற்றுகையின்போது மதிலை நோக்கி வளைந்து வளைந்து வெட்டிச் செல்லும் பள்ளத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மதிலின் அடியில் சுருங்கை தோண்டி வெடிமருந்து வைத்தவன் ‘மைனர்’ எனப்பட்டான். நம் ஊர்ச் செல்வந்தர் வீட்டு மைனருக்கும் இவனுக்கும் எவ்வித உறவும் இல்லை!

இந்தியத் தரைப்படையின் பொறியியற் பிரிவுகள் மூன்று குழுமங்களைச் சார்ந்தவை. பெங்களூரில் மதராஸ் குழுமம், ரூர்க்கியில் வங்காளக் குழுமம், புணேயை அடுத்த கிர்கீயில் பம்பாய்க் குழுமம். மூன்றனுள் மூத்தது மதராஸ் குழுமமே. ஹைதர் அலியின் சேனை கர்நாடகப் பகுதியில் புகுந்து, பொள்ளிலூரில் கும்பினிப் படையை முறியடித்த இருபதாம் நாள், அதாவது 1780 செப்டம்பர் 30இல், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ் என்பவர் இரண்டு ‘பயனீர்’ கம்பெனிகளைத் திரட்டினார். கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்திய அக்கூட்டமே இன்றைய மதராஸ் சாப்பர்களின் மூலம். மூர்ஹவுஸ் 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கிய போரில் மாண்டார். அவர் உயிர் நீத்த அதே நகரம் பிற்காலத்தில் அவருடைய படையின் தாயகமாயிற்று. அல்சூர் ஏரியின் அருகே இன்றும் அக்குழுமத்தின் தலைமையிடம் இருக்கின்றது.

இதன் பிறகு இப்படை சென்ற நாடுகளையெல்லாம் சொல்லப் புகுந்தால் ஒரு பூகோள பாடமே ஆகிவிடும். எகிப்து, ஜாவா, பர்மா, சீனம், அபிசீனியா என்று அது நீளும். நான் இங்கே நின்று சொல்ல விரும்புவது வேறொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இந்தியரில் சில சாதியினரே போருக்குப் பிறந்தவர்கள், ஏனையோர் உதவார் என்னும் ஒரு கொள்கை ஆங்கில அதிகாரிகளிடையே வலுப்பெற்றது. 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாக இருந்து, பின்னர் இந்தியா முழுவதற்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ் பிரபு இக்கொள்கையில் முன்நின்றவர். தென்னாட்டான் போருக்கு ஆகான் என்று முத்திரை குத்தப்பட்டது. சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. சிலவற்றில் தமிழருக்குப் பதிலாகப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். எஞ்சியிருந்த மதராஸ் ரெஜிமெண்டும் 1920களில் மறைந்து, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் உயிர் பெற்றது. இத்தனைக்கும் நடுவே மதராஸ் சாப்பர்களை மட்டும் எவரும் தொடவில்லை. காரணம் எளிது. அவர்கள் இன்றிப் படை நகராது; அவர்கள் கைத்திறனுக்கு மாற்றும் கிடைக்கவில்லை. காலாட்படையின் கதவு அடைபட்ட காலத்திலும் தமிழனுக்குத் திறந்திருந்த வாயில் இதுவே. ஆதிதிராவிடர்கள் இதில் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களும் கிறிஸ்தவரும் ஏனைச் சமூகத்தினரும் ஒரே கம்பெனியில் சேர்ந்து உழைத்தார்கள். ஊரில் ஒரு கிணற்றில் நீர் மொள்ள இயலாத காலத்தில் இது நடந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவருள் முன்னோர் ஒருவர் ‘சாப்பரில் இருந்தார்’ என்று சொல்லும் குடும்பம் இருக்குமாயின், அச்சொல்லின் பின்னே இவ்வரலாறு இருக்கின்றது.

இப்படையினரை ஏனைய பட்டாளத்தார் ‘தம்பி’ என்றே அன்புடன் அழைப்பது வழக்கம். அத்தம்பிமார் செய்த அருஞ்செயல்களுள் ஒன்று காஷ்மீரத்தில் நிகழ்ந்தது. 1948இல் லடாக்குக்குச் செல்லும் வழியிலுள்ள ஜோஜி கணவாயைப் பகைவர் பிடித்துக்கொண்டனர். அது பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். காலாட்படை ஏறித் தாக்கியும் பயன் விளையவில்லை. டாங்கிகளைக் கொண்டுபோனாலன்றி ஆகாது என்று படைத்தலைமை முடிவு செய்தது. ஆனால் கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடிப் பாதையில் டாங்கி எவ்வாறு ஏறும்? மதராஸ் சாப்பர்களின் இரண்டு கம்பெனிகள், பனி கொட்டத் தொடங்கும் பருவத்தில், பாறையை வெடி வைத்துப் பிளந்து அப்பாதையை அகலப்படுத்தின. பனியைக் கண்ணாலும் கண்டறியாத ஊர்களில் பிறந்தவர்கள் அவர்களுள் பலர். நவம்பர் 1ஆம் நாள் ஏழாவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் அவ்வழியே ஏறிக் கணவாயில் தோன்றியபோது பகைவர் திகைத்துப் போயினர். அன்றே கணவாய் நம் வசமாயிற்று. டாங்கிகளின் புகழை அறிந்தவர் பலர். பாதையை வெட்டியவரை அறிந்தவர் சிலரே.

கண்ணிவெடி அகற்றும் வேலை இதனினும் கொடியது. 1944இல் இத்தாலியில் மிக்னானோ என்னும் ஊரருகே, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் வீரர்களுடன் வெடிகளைத் தேடி வழி வகுத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணி இயங்கிவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. உடனிருந்தவர்கள் பிழைக்க வேண்டும் என்று அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அவருக்கு இறந்த பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

சாப்பர்களின் கருவிகளுள் நாம் அறிந்துகொள்ள வேண்டியது பெய்லி பாலம். ஆங்கிலப் பொறியாளர் டொனால்டு பெய்லி இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் வகுத்தது இது. பத்து அடி நீளமுள்ள இரும்புச் சட்டங்களே இதன் உறுப்புகள். ஒரு சட்டத்தை ஆறு ஆட்கள் தூக்கிவிடலாம். சட்டத்தோடு சட்டத்தை ஆணி கோத்து இணைத்து, கரையிலேயே பாலத்தைக் கட்டி, உருளைகளின்மேல் தள்ளி அக்கரையில் சேர்ப்பார்கள். முன்பகுதி ஆற்றில் கவிழ்ந்துவிடாதிருக்க, பளு குறைந்த ஒரு ‘மூக்கை’ முன்னே பொருத்துவார்கள். அது அக்கரையைத் தொடும்வரை பாலத்தின் பெரும்பளு இக்கரையில் இருக்கும். பளு தூக்கும் யந்திரம் இல்லாத இடத்திலும் மனிதர் கையாலேயே இது ஆகிவிடும்.

2024 ஜூலை 30இல் வயநாட்டில் மலை சரிந்து சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, இந்தப் பெய்லி பாலத்தையே மதராஸ் குழுமத்தார் அமைத்தனர். ஜூலை 31இல் தொடங்கி ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பாலம் நின்றது. அப்பணியில் முன்நின்ற மேஜர் சீதா ஷெல்கே நம் மஹாராஷ்டிரத்தில் அஹமத்நகர் என்று வழங்கிவந்த மாவட்டத்துப் பெண்மணி. தமிழர் மராட்டிய நாட்டில் பிழைக்க வந்தோம்; மராட்டியப் பெண் மதராஸ் படையில் அதிகாரியானார். மாஹிமில் ரயிலேறினால் மூன்றாவது நிலையமாகிய எல்பின்ஸ்டன் ரோடில், இன்றைய பிரபாதேவியில், 2017 செப்டம்பர் 29இல் நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அதன்பின் அங்கே நடைபாலம் அமைத்து 2018 பிப்ரவரியில் திறக்கச் செய்தவர்கள் கிர்கீயின் பம்பாய் சாப்பர்கள்.

இனி அமைப்பைப் பற்றிச் சிறிது. குழுமம் என்பது போர்க்களத்தில் இயங்கும் படையன்று, அது தாய்வீடு. இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்றுவதும், பதிவேடுகளைக் காப்பதும், ஓய்வு பெற்றோரைக் கவனிப்பதும் அங்கே நடக்கும். பயிற்சி முடிந்த சாப்பர் ஏதேனும் ஓர் இன்ஜினியர் ரெஜிமெண்டுக்கு அனுப்பப்படுவார். ரெஜிமெண்டு கர்னலின் கீழும், அதன் கம்பெனி மேஜரின் கீழும் இருக்கும். காஷ்மீரிலோ அஸ்ஸாமிலோ உள்ள ஒரு டிவிஷனுக்காக உழைத்தாலும் அவர் பெங்களூரின் பிள்ளையே. அங்கே ஆயுதப் பயிற்சியோடு ஏதேனும் ஒரு தொழிலும் கற்பிக்கப்படுகின்றது. அதிகாரிகளுக்கு உயர்கல்வி தரும் இராணுவப் பொறியியற் கல்லூரி புணேயில் உள்ளது.

மகனை இப்படையில் சேர்க்க எண்ணும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முற்காலத்தில் சாப்பர் வேலை என்றால் நெடுங்கால உத்தியோகம், பிறகு ஓய்வூதியம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சேருவோருக்கு நான்கு ஆண்டுகளே பணி. அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையில்தான் நிலையாக வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, ஓய்வூதியம் இன்றி, கற்ற தொழிலோடு வீடு திரும்புவர். ஆகவே எந்தத் தொழிற்பிரிவில் சேர்கின்றான் என்பதை அவன் முதலிலேயே கேட்டறிந்துகொள்வது நலம்.