வளையமாதேவியிலிருந்து பாலைவனத்துக்கு... பொண்ணு படிக்கப் போறாளா?

"அப்பா, ஜோத்பூர்ல இடம் கிடைச்சிருக்குப்பா!"

மகள் இப்படிக் கத்திக்கொண்டு ஓடி வந்தால், அந்தச் சந்தோஷம் வீட்டில் ஐந்து நிமிஷம் நிற்கும். ஆறாவது நிமிஷம் அப்பா பேப்பரும் பேனாவும் எடுத்துவிடுவார். "ஃபீஸ் எவ்வளவு? ஹாஸ்டல் எவ்வளவு?" அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "அது பாலைவனமாச்சே... குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதீங்க. பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது அம்மா கேட்ட அந்தக் கேள்வியைத்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இருக்கிறவர்களுக்கு ராஜஸ்தான் அப்படியொன்றும் அந்நியமில்லை. பிக்கானீர் பக்கத்தில் பர்சிங்சர் என்ற ஊரில் என்.எல்.சி.க்கு லிக்னைட் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. அங்கே மாற்றலாகிப் போய்வந்த சித்தப்பாவோ மாமாவோ உங்கள் தெருவிலேயே இருக்கலாம். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். பிக்கானீரும் ஜோத்பூரும் ஒரே தார்ப் பாலைவனத்தைச் சேர்ந்த ஊர்கள்தான்.

ஜோத்பூர் இப்போது பெரிய கல்லூரி ஊர். சட்டப் பல்கலைக்கழகம் 1999-லும், ஐ.ஐ.டி. 2008-லும், எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி 2012-லும் வந்தன. 2018-லிருந்து ஐ.ஐ.டி.க்களில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்குவதால், நம்ம ஊர்ப் பெண்களுக்கும் அவ்வளவு தூரத்து அழைப்பு வருகிறது.

நிலத்துப் பணம்... நிதானமாகத் தொடுங்க!

வளையமாதேவியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நெல் விளைந்த நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. 2023 ஜூலை 26-ம் தேதி, நின்ற பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை அந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இனி அந்த வீட்டில் இருப்பது நிலத்துக்கு வந்த பணம் மட்டும்தான். நிலம் என்றால் வருஷா வருஷம் விளையும். பணம் ஒருமுறை கரைந்தால் கரைந்ததுதான். "பொண்ணுக்கு நகையாப் போட்டு வச்சிடு" என்று அத்தைகள் ஒரு பக்கம் சொல்வார்கள். "படிப்புக்கே மொத்தமாக் கட்டிடு" என்று இன்னொரு பக்கம்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கல்லூரிக் கட்டணத்துக்குக் கையிலுள்ள பணத்தை எடுக்குமுன் என்னென்ன சலுகை இருக்கிறது என்று பாருங்கள்.

ஐ.ஐ.டி.யில் பி.டெக். படிப்புக்கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 1 லட்சம் ரூபாய். ஹாஸ்டல், மெஸ் தனி. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக்கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. ஆகவே கவுன்சலிங் முடிகிறவரை காத்திருக்காமல் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடுங்க. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா? ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேரும் அந்தப் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

அதற்கு மேலும் தொகை மிஞ்சினால் கல்விக் கடன் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'பி.எம். வித்யாலக்ஷ்மி' திட்டத்தில் இத்தகைய முன்னணிக் கல்லூரிகளுக்கு ஈடும் இல்லாமல், ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வியும் படித்தால் அந்தக் கால வட்டி முழுவதையும் ஏற்கிறது. ஒரு எச்சரிக்கை: வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இந்த வட்டிச் சலுகை கிடைக்காது. எது லாபம் என்று பாங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பாருங்கள். நிலத்துப் பணம் டெபாசிட்டில் கிடக்கட்டும். அதன் வட்டியில் மாதச் செலவை ஓட்டப் பாருங்கள்.

வியர்க்கலையேன்னு ஏமாறாதீங்க!

இனி உடம்புக்கு வருவோம். நெய்வேலிக்காரர்களுக்கு வெயில் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நம்ம வெயில் ஈரமான வெயில். சட்டை நனையும், பிசுபிசுக்கும், தாகம் எடுக்கும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த நிமிஷமே காய்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லைம்மா" என்று பிள்ளை போனில் சொல்வாள். வியர்க்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உப்பும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் தாகத்தை நம்ப வேண்டாம், சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைவாகக் குடித்து, "பாத்ரூம் தூரமா இருக்கு" என்று அடக்கி வைக்கிற பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும், நாளடைவில் சிறுநீரகக் கல்லும் வர வாய்ப்பு அதிகம். இதை வெட்கப்படாமல் அம்மாதான் சொல்லித்தர வேண்டும்.

பையில் எப்போதும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு இருக்கட்டும். பாக்கெட் இல்லாத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவு வேண்டாம், உப்பு கூடினால் ஆபத்து.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. அப்போது ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இது பயமுறுத்த அல்ல. ஜோத்பூருக்கு வடக்கே இருக்கும் பலோடியில் 2016 மே 19-ம் தேதி 51 டிகிரி செல்சியஸ் பதிவானது.

மூக்கில் ரத்தம் வருவது அங்கே குளிர்காலத்தில் சகஜம். காற்று உலர்ந்து மூக்கின் உள்தோல் வெடிப்பதால் வருவது. தலையை நிமிர்த்தக் கூடாது. முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து, பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளையாக இருந்தால் புழுதிக்காற்றுக்கென்று இன்ஹேலர் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்.

கிளம்புமுன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் பெண்ணுக்கு ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் அனுப்பினால், படிக்க முடியாத களைப்பை "ஊர் ஒத்துக்கலை" என்று எல்லோரும் தப்பாக நினைப்பீர்கள்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்காதீங்க

வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை கடைசியில் தொடங்கும். அப்போது அங்கே மழைக்காலம். மழைக்காலம் என்றால் நம்ம ஊர்க் கணக்கில் நினைக்காதீர்கள். ஜோத்பூரில் வருஷம் முழுக்கப் பெய்வதே 360 மில்லிமீட்டர் அளவுதான். நமக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். நிஜமான வெயில் ஏப்ரலில்தான் வரும். ஆக, ஜூலையில் கடலூர் கடையில் ஸ்வெட்டர் தேடி அலைய வேண்டாம். நவம்பரில் அங்கேயே வாங்கினால் அந்தக் குளிருக்கு ஏற்றது கிடைக்கும். 'ரஜாய்' என்று கேட்டால் பஞ்சு வைத்த நல்ல போர்வை தருவார்கள்.

வெளியே ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் ஏ.சி.க்குப் பயந்து கடன் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் நெய்வேலியில் புழுக்கத்தைத்தான் கூட்டும். அங்கே காற்று வறண்டிருப்பதால் அருமையாக வேலை செய்யும், ஜூலை, ஆகஸ்ட் தவிர. ஒரு மண்பானையும் வாங்கிவிடச் சொல்லுங்கள்.

குடிநீர் விஷயத்துக்கு வருவோம். ஜோத்பூருக்குப் பஞ்சாபிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. அம்மாவின் பயத்துக்கு அதுதான் பதில். ஆனால் ராஜஸ்தானின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் ஃப்ளூரைடும் அதிகம். ஹாஸ்டலில் சுத்திகரித்த தண்ணீர் இருக்கும். தனி ரூம் பார்க்கும்போது, "குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா?" என்ற கேள்வியை வாடகைக்கு முன்னால் கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் வாடகை.

சாப்பாடு? சோறு குறையும், சப்பாத்தி கூடும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நம்ம பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி: அங்கேயும் கம்புதான் ஏழை எளியவர் உணவு. குளிர்காலத்தில் கம்பு ரொட்டி. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சும் 'ராப்டி' என்று ஒன்று உண்டு, நம்ம கூழுக்கு ஒன்றுவிட்ட தங்கை! மோரை 'சாச்' என்பார்கள். இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் வயிறு பிழைத்துக்கொள்ளும்.

உடம்புக்கு 20, அவசரத்துக்கு 15

கட்டணம், மெஸ் கணக்கெல்லாம் கல்லூரிக் கடிதத்திலேயே வந்துவிடும். அதில் வராத கணக்குதான் குடும்பத்தைக் கவிழ்க்கும். முதல் வருஷத்துக்கு உடம்புக்கென்று 20,000 ரூபாய் தனியே எடுத்து வைக்கச் சொல்வேன். குளிர் உடைக்கும் ரஜாய்க்கும் 6,000. பாட்டில், தொப்பி, குடை, ஓ.ஆர்.எஸ். வகைக்கு 2,000. டாக்டர், மருந்து 4,000. பழம், தயிர், மெஸ் சாப்பாடு இறங்காத நாட்களுக்கு 8,000. இது என் மதிப்புதான், கூடலாம், குறையலாம். ஆனால் பணம் இடிக்கும்போது முதலில் இதில் கை வைக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் பாரமாகக் கூடாது என்று பழத்தையும் மருந்தையும்தான் முதலில் வெட்டுவார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

ரயில் டிக்கெட்டை இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் எடுக்க முடியும். சென்னையிலிருந்து பயணம் ஏறக்குறைய இரண்டு நாள். டிக்கெட்டில் 'பகத் கி கோத்தி' என்று இருந்தால் பதற வேண்டாம், அதுவும் ஜோத்பூர்தான். ஐ.ஐ.டி. ஊருக்குள் இல்லை. நாகௌர் ரோட்டில் கர்வரில், 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து அங்கே போகும் வண்டிச் செலவையும் எழுதுங்கள். முதல் முறை கூடப் போகிறவர் ஒருவர் போதும். குடும்பமே கிளம்பினால் ஒரு செமஸ்டர் பழச்செலவு ரயிலிலேயே போய்விடும்.

15,000 ரூபாயை மகளின் பெயரிலேயே தனிக் கணக்கில் போடுங்கள். அது திடீரென்று ஊருக்கு வர விமான டிக்கெட்டுக்கான பணம். தாத்தாவுக்கு முடியவில்லை என்றாலும் சரி, அவளுக்கே மனசு தாங்கவில்லை என்றாலும் சரி, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்று சொல்லியே அனுப்புங்கள். முதல் மூன்று மாதம் அழுகை வரும், தூக்கம் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அவள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

கடைசியாகப் பெட்டி கட்டும்போது ஒன்று. தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய் பாட்டிலில் கொடுத்துவிடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஜனவரியில் பாட்டிலைத் தலைகீழாகக் குலுக்கினாலும் ஒரு சொட்டு வராது. அகல வாய் டப்பாவில் கொடுங்கள். தலைக்கு மட்டுமில்லை, குளித்த ஈரம் காயுமுன் கை கால் முழுக்கத் தடவிக்கொள்ளவும் அவளுக்கு அது தேவைப்படும்.