குளிர்ந்த அறையிலும் காரட் வாடுவது ஏன்?

இரண்டு குளிர்பதன அறைகள். இரண்டிலும் வெப்பமானி 2 டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது. ஒன்றில் வைத்த காரட் உடைத்தால் 'படக்'கென்று ஒடிகிறது. மற்றொன்றில் ரப்பர் போல வளைகிறது. மெஷினில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவரும் 2 டிகிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கோளாறு குளிரில் இல்லை, காற்றின் ஈரப்பதத்தில் இருக்கிறது.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்பதன அறையிலும் நடப்பது அதுவே. காயில் எனப்படும் குழாய்ச் சுருளுக்குள் திரவம் கொதித்து ஆவியாகி, அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பெரிய கிடங்குகளில் இந்தத் திரவம் பெரும்பாலும் அம்மோனியா. 0 டிகிரியில் ஒரு கிலோ அம்மோனியா ஆவியாவதற்குச் சுமார் 1,260 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். சிறிய இயந்திரங்களில் பயன்படும் ஆர்-134ஏ வாயு எடுப்பது சுமார் 200 கிலோஜூல்தான்.

எந்த வாயுவானாலும், வெப்பம் காயிலின் பரப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பரப்பு பாதியானால், அதே வெப்பத்தை இழுக்க அறைக்கும் காயிலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். விலை குறைவு என்று சிறிய காயில் பொருத்தினால் வரும் வினை இது. வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்தால் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும். 10 டிகிரியானால் 75 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். காரட்டுக்கு வேண்டியது 95 சதவீதம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளியே நீர் முத்து முத்தாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிகக் குளிர்ந்த காயிலிலும் அப்படியே ஈரம் படிந்து பனியாக உறைகிறது. அந்த ஈரத்தில் பெரும்பங்கு காரட்டிலிருந்து வந்தது. 50 கிலோ மூட்டைகள் நூறு வைத்து, எடையில் 5 சதவீதம் போனால் 250 கிலோ போயிற்று. வாடியதற்காக வியாபாரி குறைக்கும் விலை தனி.

உறைந்த பனி காயிலுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் வெப்பத்தைத் தடுக்கும். கம்ப்ரசர் இன்னும் கூடுதலாக ஓடும். காயில் இன்னும் குளிரும். காய் இன்னும் காயும். கரண்ட் பில்லும் ஏறும். எனவே பனியை நேரத்துக்கு உருக்கிவிட வேண்டும். மதிய வெயிலில் பிடுங்கிய காயைச் சூட்டோடு ஏற்றக் கூடாது. விடியற்காலையில் அறுவடை செய்து, குளிர்ந்த நீரில் கழுவி, நீர் வடிந்த பிறகு ஏற்றினால் இயந்திரத்தின் சுமை வெகுவாகக் குறையும்.

வெங்காயத்துக்குக் கணக்கு நேர்மாறு. அதற்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். மிஞ்சினால் வேர்விட்டு அழுகும். காரட்டோடு ஒரே அறையில் வெங்காயத்தை அடுக்கினால் இரண்டில் ஒன்று கெடுவது நிச்சயம்.

புதிதாக அறை கட்டுவோர் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்காமல், முழுச் சுமையில் அறைக்கும் காயிலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று கேட்டு, அதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்க வேண்டும். ஏற்கெனவே அறை வைத்திருப்போர், பனி உருகி வடியும் குழாயின் அடியில் ஒரு வாளி வைத்து, தினமும் சேரும் நீரை எடை போட்டுக் குறித்து வரலாம். கதவு திறக்கும்போது நுழையும் வெளிக்காற்றின் ஈரமும் அதில் கொஞ்சம் இருக்கும். மீதி, சந்தையில் தராசில் ஏறியிருக்க வேண்டிய எடை.